‘அதிகாரத்துக்கான விழைவு’ நீட்சே எழுதிய நூலா? வாசிப்பு வட்டத்துக்காக ஒரு கேள்வி

கோட்டாறு வாசகி:
நாகர்கோவிலில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மூன்று மாதமும் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. பட்டியல் போட உட்கார்ந்த அன்றே சண்டை. ‘அதிகாரத்துக்கான விழைவு’ இல்லாமல் நீட்சே கிடையாது என்கிறார் ஒருவர். அது நீட்சே எழுதிய நூலே இல்லை, பட்டியலில் வைக்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் இங்கே இருக்கிறீர்கள். எல்லோருக்கும் தெரியும்படி இங்கேயே பேசுங்கள்.

வேளிமலை:
வைக்காதீர்கள் என்றவன் நான்தான் அக்கா. நீட்சே 1889 ஜனவரியில் டூரின் நகரத்தில் மனம் குலைந்து விழுந்தார். அப்படியே இருந்து 1900-ல் இறந்தார். இந்தப் புத்தகம் வந்தது 1901-ல். அவருடைய குறிப்பேடுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, தங்கை எலிசபெத்தின் மேற்பார்வையில் அடுக்கி அச்சடித்தார்கள். முதல் பதிப்பில் 483 துண்டுகள். 1906 பதிப்பில் 1067. ஐந்தே வருடத்தில் ஒரு நூல் இரண்டு மடங்குக்கு மேல் வளர்கிறது, ஆசிரியரோ கல்லறையில். அடுக்கியதற்கு ஆதாரம் 1887 மார்ச் 17 தேதியிட்ட ஒரு திட்டக் குறிப்பு. அதுபோல அவர் எழுதிப் பார்த்த திட்டங்கள் எத்தனையோ. 1888 கோடை முடியும்போது அந்தத் தலைப்பையே கைவிட்டுவிட்டார்.

இதையெல்லாம் நமக்குக் காட்டியவர்கள் இரண்டு இத்தாலியர்கள். கோல்லி, மொந்தினாரி. லூக்கா ஊர்ப் பள்ளியில் கோல்லி ஆசிரியர், மொந்தினாரி மாணவர். நீட்சேயை இத்தாலியில் மொழிபெயர்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். நம்பி மொழிபெயர்க்க மூலம் இல்லை என்று தெரிந்ததும், 1961-ல் மொந்தினாரி கிழக்கு ஜெர்மனியின் வைமார் நகரத்துக்குப் போய் கையெழுத்துப் படிகள் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஜெர்மன் பதிப்பு 1967-லிருந்து வரத் தொடங்கியது. நீட்சேயை உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் என்று நான் சொல்வது இவர்களைத்தான்.

பழையாறு:
தம்பி சொன்ன தகவலில் குறை ஒன்றுமில்லை. முடிவில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. 31 வருடம் தத்துவம் பாடம் நடத்தியவன் நான். நாஜிகள் சொந்தம் கொண்டாடிய பிறகு, 1945-ல் நீட்சே என்ற பெயர் எந்த நிலையில் கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள். எலிசபெத்தின் சவ அடக்கத்துக்கு 1935-ல் ஹிட்லரே வந்து நின்றான். அந்தப் பெயரை அங்கிருந்து மீட்டு வகுப்பறைக்குக் கொண்டு வந்தது பதிப்பாசிரியர் இல்லை, வால்டர் காஃப்மன் என்கிற உரையாசிரியர். யூத வேருள்ள குடும்பம், 1939-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனவர். 1950-ல் அவர் எழுதிய நூல்தான் நீட்சேயை யூத வெறுப்புக்கும் ஜெர்மன் தேசிய வெறிக்கும் எதிரானவராகக் காட்டியது. அது வராமல் இருந்திருந்தால், மொந்தினாரி பதினைந்து தொகுதி போட்டாலும் யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

உரை இல்லாமல் எந்த மூலமும் பிழைத்ததில்லை. நம் கடற்கரையில் 133 அடிக்கு வள்ளுவர் நிற்கிறாரே, அவர் குறளுக்கு நாம் சொல்லுகிற எண் யார் கொடுத்த வரிசை? பரிமேலழகர் வரிசை. மணக்குடவரைத் திறந்தால் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு வரிசையில் வரும். அதற்காகக் குறள் வள்ளுவருடையது இல்லை என்பீர்களா?

வேளிமலை:
சாரே, பரிமேலழகரில் குறள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். எலிசபெத் புத்தகத்தில் அந்தத் தையலே வெளியில் தெரியாது. ஒரே குறிப்பை இரண்டாக வெட்டி வேறு வேறு இடத்தில் வைத்திருப்பார்கள். நீட்சே டால்ஸ்டாயைப் படித்துக்கொண்டே எழுதி வைத்த பகுதிகள், நீட்சேயின் சொந்தச் சிந்தனை போலவே அதில் அச்சாகியிருக்கின்றன. இதையும் மொந்தினாரிதான் எடுத்துக் காட்டினார். வாசகனுக்கு எப்படித் தெரியும்?

குளச்சல் அலை:
நான் தத்துவம் படிச்சவன் இல்ல. கடல் வேலை. நான் கேக்கது இவ்வளவுதான். அந்த ஆளு எழுதினதுல பொய் ஒண்ணும் சேக்கலைன்னா, வரிசை மாறினா என்ன? எல்லாம் அவருக்க எழுத்துதானே?

குழித்துறை மழை:
அண்ணே, நல்ல கேள்வி. ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன், பாருங்கள்.

‘இதோ மனிதன்’ என்ற தன் வரலாற்றில், ‘நான் ஏன் இவ்வளவு ஞானி’ என்று ஒரு பகுதி. 1888 டிசம்பர் கடைசியில், அதில் மூன்றாம் பிரிவை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று புதிதாக எழுதி அச்சுக்கு அனுப்புகிறார். தனக்கு நேர் எதிரானது எது என்று தேடினால் தாயும் தங்கையும்தான் எதிரே வருகிறார்கள் என்கிறார் அதில். நடந்ததெல்லாம் அப்படியே மீண்டும் மீண்டும் நடக்கும் என்பதுதான் அவருடைய ஆழமான எண்ணம். அந்த எண்ணத்துக்கே மிகப் பெரிய மறுப்பு தாயும் தங்கையும் என்கிறார். அதாவது, இவர்களும் திரும்பி வருவார்களே என்று. அந்தத் தாள் காணாமல் போனது. புத்தகம் 1908-ல் பழைய பிரிவோடு வந்தது. நண்பர் பீட்டர் காஸ்ட் எடுத்து வைத்திருந்த பிரதியை மொந்தினாரி பிறகு கண்டுபிடித்தார். அவருக்கு முந்திய தலைமுறைகள் எல்லாமே வாசித்தது வேறு பக்கம். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒரு தாளை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் வேளிமலையிடமும் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. எல்லாப் பழியும் தங்கை தலையில் போட்டுவிட்டால் மற்றவர்கள் தப்பிவிடுகிறார்கள். நீட்சேயின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த சிலரில் ஒருவர் இந்தக் காஸ்ட். அவரும் உட்கார்ந்துதான் 1906 தொகுப்பு உருவானது. 1931-ல் ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் பாய்ம்லர் எழுதிய நூலில் வருகிற நாஜி நீட்சேக்குத் திருட்டுத் தாள் எதுவும் தேவைப்படவில்லை, எல்லோரும் வாசித்த அதே எழுத்துகள் போதுமாக இருந்தன. தத்துவவாதி ஹைடெக்கரும் 1936-லிருந்து பல ஆண்டு நடத்திய விரிவுரைகளில், நீட்சேயின் உண்மையான தத்துவம் அவர் வெளியிடாமல் விட்ட குறிப்புகளில்தான் என்று பிடிவாதமாக நின்றார். சரியான பதிப்பு இருந்திருந்தால் இவர்கள் வேறு மாதிரி எழுதியிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பழையாறு:
அப்படிச் சொல்லுங்கள். பதிப்பு சுத்தமாகிவிட்டால் பொருள் தானாக வந்துவிடும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். மொந்தினாரி பதிப்பை எடுத்துக்கொள்வோம். 1980-ல் வந்த 15 தொகுதி மாணவர் பதிப்பில் நீட்சே நூலாக முடித்த எழுத்துக்கு 6 தொகுதி, குறிப்பேடுகளுக்கு 7. அவர் வெளியிடாமல் வைத்தது, வெளியிட்டதைவிடப் பெரிதாக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் ஒரு முடிவுதானே?

வேளிமலை:
முடிவுதான். ஆனால் அதில் தேதி இருக்கிறது, குறிப்பேட்டின் எண் இருக்கிறது. எது எப்போது எழுதியது என்று எவரும் சரிபார்க்கலாம். அந்தத் தொகுதிகளில் ‘நான் என் குடையை மறந்துவிட்டேன்’ என்று ஒரே ஒரு வரியும் இருக்கிறது. மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. பிரான்ஸில் தத்துவவாதி தெரிதா இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: இது தத்துவமா, ஞாபகக் குறிப்பா, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியதா, எப்படித் தீர்மானிப்பீர்கள்? ஐப்பசி மழையில் வடசேரி பஸ் நிலையத்தில் நிற்கிறவன் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குறிப்பேட்டில் தனியாகக் கிடக்கும்போது தெரியவில்லை. மொந்தினாரி அந்தத் தெரியாமையையும் அப்படியே நமக்கு விட்டு வைத்தார். எலிசபெத் அடுக்கிய புத்தகத்தில் அந்த வரிக்கு இடமே கிடையாது.

குளச்சல் அலை:
எங்க அம்மைக்க ஊரு சாமித்தோப்பு பக்கம். கார்த்திகையில 17 நாள், அய்யாவழிக்க புனித நூலு அகிலத்திரட்டு ஏடு வாசிப்பு நடக்கும். கொஞ்சம் வாசிப்பாவ, பிறகு நிறுத்திப் பொருள் சொல்லுவாவ. வாசிக்கும்போது கைகூப்பி இருந்த எங்க பாட்டி, பொருள் சொல்லும்போதுதான் அழுவா. எனக்கு ரெண்டும் வேணும்னுதான் தோணுது. ஆனா வாசிப்பு எது, விளக்கம் எதுன்னு பாட்டிக்கு நல்லாத் தெரியும்.

பழையாறு:
தம்பி, நீங்கள் சொன்னதில் நான் சொல்ல வந்ததும் இருக்கிறது, வேளிமலை சொல்வதும் இருக்கிறது. ஒன்று மட்டும் பதிவு செய்கிறேன். காஃப்மனும் தையலை மறைத்தவர் இல்லை. 1967-ல் ‘அதிகாரத்துக்கான விழைவு’ ஆங்கிலத்தில் வந்தபோது அவரோடு சேர்ந்து மொழிபெயர்த்தவர் ஹாலிங்டேல், பல்கலைக்கழகம் போகாத பத்திரிகைக்காரர். இது நீட்சே எழுதி முடித்த நூல் அல்ல என்று முன்னுரையிலேயே காஃப்மன் சொல்லிவிட்டார். துண்டுகளுக்குத் தேதியும் கொடுத்தார்.

குழித்துறை மழை:
சொன்னார், உண்மைதான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அவர் நீட்சேயின் பல்லைப் பிடுங்கிவிட்டார் சார். சமத்துவத்தை வெறுக்கிற நீட்சே, அடிமைத்தனம் இல்லாமல் உயர்ந்த பண்பாடு இல்லை என்று எழுதிய நீட்சே, காஃப்மன் புத்தகத்தில் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணிலிருந்து வாசிக்கிற எனக்கு அந்த வரிகள் அப்படியே முழுசாக வேண்டும். அவற்றோடு மோத வேண்டும். எனக்காக யாரும் அவரை மென்மையாக்கித் தர வேண்டாம்.

கோட்டாறு வாசகி:
முடிவு எடுத்துவிட்டேன். முதல் மாதம் ‘ஒழுக்கநெறிகளின் மரபுவரலாறு’. 1887-ல் அவரே வெளியிட்டது, சண்டைக்கு இடமில்லை. இரண்டாம் மாதம் ‘இதோ மனிதன்’, மூன்றாம் பிரிவின் இரண்டு வடிவமும் பக்கம் பக்கமாக. ‘அதிகாரத்துக்கான விழைவு’ கடைசி மாதம், நூலாக அல்ல, ஐந்தாறு துண்டுகளாக, தேதியோடு. காஃப்மன் பற்றிப் பழையாறு சாரும், மொந்தினாரி பற்றி வேளிமலையும் பேச வேண்டும். மழை, நீங்கள் குழித்துறையிலிருந்து வர முடியுமா?

குழித்துறை மழை:
காலை ரயில் இருக்கிறது. வருகிறேன்.

பழையாறு:
நேற்று இரவு என் அலமாரியிலிருந்து ‘இதோ மனிதன்’ காஃப்மன் மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பிரிவு பழையதுதான். ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. வருடா வருடம் அந்தப் பக்கத்தைத்தான் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். காஃப்மன் பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. வேளிமலை, புதிய பிரிவைத் தமிழில் செய்து எனக்கு முன்கூட்டியே அனுப்ப முடியுமா? கூட்டத்தில் அதை நான் வாசிக்க வேண்டும்.

வேளிமலை:
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன் சாரே.