ஐஸ் ஹாக்கி தொலைக்காட்சி வருணனையாளராவது எப்படி?

கேள்வி:
ஐஸ் ஹாக்கி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் வருணிப்பதே என் விருப்பம். நான் தொழில்முறையில் விளையாடியதில்லை. இதழியல் பட்டம் மட்டும் போதுமா, அல்லது வேறு வழியில் தொடங்க வேண்டுமா?

மறுமொழி 1:
பட்டம் உதவும், ஆனால் வாயிற்கதவு பெரும்பாலும் சிறிய லீக்குகளின் வானொலிதான். அமெரிக்க ஐஸ் ஹாக்கி வருணனையாளர் மைக் எம்ரிக் 1973-இல் மிச்சிகனின் போர்ட் ஹ்யூரன் நகரில் சிறிய லீக் அணி ஒன்றின் வானொலி வருணனையாளராகத் தொடங்கி, 1976-இல் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்று, பின்னர் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் ஆட்டங்களின் முதன்மைக் குரலாக உயர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றார். வானொலியில் கேட்பவருக்குக் களம் தெரியாது என்பதால், வட்டு (பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ரப்பர் வில்லை) யாரிடம், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் சொல்லியாக வேண்டும். அதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

மறுமொழி 2:
முன்னவர் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். தொலைக்காட்சிக்கு வந்தபின், படம் காட்டுவதைத் திரும்பச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பக்குவம் வேண்டும், அதுவே கடினமானது. விளையாடாதது குறையன்று. ஆட்டத்தின் ஓட்டத்தைச் சொல்பவர், நுணுக்கங்களை அலசுபவர் என இருவர் பணிபுரிவர். முன்னாள் வீரர்கள் பெரும்பாலும் இரண்டாவது இருக்கையில்தான் அமர்கிறார்கள்.

மறுமொழி 3:
ஆட்டம் நடக்கும்போதே வீரர்கள் மாறிக்கொண்டிருப்பதால் எண்களையும் பெயர்களையும் முன்னரே மனப்பாடம் செய்யுங்கள். உங்கள் வருணனையைப் பதிவு செய்து, வாய்ப்புக் கேட்கும் கடிதத்துடன் அனுப்புங்கள்.