மடிக்கணினியின் டச்பேடில் கர்சர் தானாகத் தாவுகிறது: டிரைவர் கோளாறா, வேறு காரணமா?

கேள்வி: குடந்தைமெய்ப்பு

வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தருவது என் தொழில். நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் மடிக்கணினியின் டச்பேட் கடந்த மூன்று வாரங்களாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. விரலை வைத்ததுமே கர்சர் நடுங்குகிறது. வலப்புறம் நகர்த்தினால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய்விட்டுத் திடீரென்று திரையின் மூலைக்குத் தாவுகிறது. இரண்டு விரல்களால் பக்கத்தை உருட்ட முயன்றால் எழுத்துகள் பெரிதாகிவிடுகின்றன.

தட்டச்சு செய்யும்போது நடப்பதுதான் எனக்கு உண்மையான கவலை. ‘கொள்’ என்று அடிக்கத் தொடங்கினால் ‘கொ’ உரிய இடத்தில் விழுகிறது, ‘ள்’ மட்டும் இரண்டு வரி மேலே உள்ள வேறொரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னொருவருடைய நூலில் பிழையைக் களைய வேண்டிய நானே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிழையை நட்டுவிட்டு வருகிறேனோ என்ற அச்சத்தில், திருத்திய பக்கங்களையே மீண்டும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டச்பேடைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்; டச்பேடை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன்; விண்டோஸையும் புதுப்பித்தேன். ஒரு நாள் சரியாவதுபோல் தெரியும், மறுநாள் பழைய கதைதான். அருகிலுள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடையில் காட்டியபோது, அங்கே அது ஒரு குறையும் இல்லாமல் இயங்கியது. ஆனாலும் டச்பேடையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மேசைவிளக்கு

அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. வீட்டில் தடுமாறும் டச்பேட் கடையில் ஒழுங்காக இயங்கியது என்றால், பாகம் பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு அவ்வளவு விரைவாக வந்திருக்கக் கூடாது. கடையில் பார்த்தபோது சார்ஜர் செருகப்பட்டிருந்ததா, வீட்டில் வேலை செய்யும்போது எப்போதும் சார்ஜர் செருகியே இருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு டச்பேட் இயங்கும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டச்பேட் உங்கள் விரலின் அழுத்தத்தை அளப்பதில்லை. அதன் மேற்பரப்புக்கு அடியில், வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. விரல் அருகில் வரும்போது அந்தக் கோடுகளுக்கிடையே உள்ள மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், சற்றே மாறுகிறது; எந்தெந்தக் கோடுகளில் எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டுத்தான் விரல் இருக்கும் இடத்தை உள்ளிருக்கும் சில்லு கண்டுபிடிக்கிறது. அந்த மாற்றம் ஏறக்குறைய ஒரு பிக்கோஃபாரடு, அல்லது அதற்கும் குறைவு. ஃபாரடு என்பது மின்தேக்குத்திறனின் அலகு; பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவைப் பார்க்கும் கருவிக்கு, உங்கள் விரல் வழியாக வந்து சேரும் சிறிய மின்னிரைச்சல்கூட இன்னொரு விரல் வந்து தொட்டதுபோல் தோன்றிவிடும். விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதாக அது நினைத்துக்கொண்டால், உருட்டல் பெரிதாக்கலாக மாறுவதில் வியப்பில்லை.

அந்த இரைச்சல் பெரும்பாலும் வருவது சார்ஜரிலிருந்துதான். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பேட்டரியில் மட்டும் வேலை செய்யுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, கர்சர் நடுங்கும்போது இடக்கை விரலால் யூஎஸ்பி துளையின் உலோக விளிம்பைத் தொட்டுக்கொண்டு வலக்கையால் டச்பேடை இயக்குங்கள். நடுக்கம் சட்டென்று அடங்கினால், உங்கள் உடலும் கணினியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டன என்று பொருள், குற்றவாளி அகப்பட்டுக்கொண்டார். அப்படித் தொடும்போது ‘சுருக்’கென்று உண்மையான ஷாக் அடித்தால் மட்டும் உடனே கையை எடுத்துவிட்டு அந்தச் சார்ஜரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மூன்றாவதாக, விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு என்னும் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். அங்கேயும் தடுமாறினால் விண்டோஸின் டிரைவர்மேல் பழி போட வேண்டியதில்லை.

பதில்: வைகைக்கரையான்

மேசைவிளக்கு சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் டிரைவரை இவ்வளவு எளிதாக விடுவித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு என் கணினியிலும் ஏறக்குறைய இதே தொல்லை இருந்தது. விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது, தயாரிப்பாளர் தந்திருந்த டிரைவரின் இடத்தில் பொதுவான ஒன்றைப் போட்டுவிட்டது. விண்டோஸில் டிரைவர்களைக் கவனிக்கும் டிவைஸ் மேனேஜரில் பழைய பதிப்புக்குத் திரும்பியதும் சரியாகிவிட்டது. சார்ஜரைச் செருகும்போது மின்சேமிப்பு நிலை மாறுவதால், சார்ஜர் இருக்கும்போது ஒரு மாதிரியும் இல்லாதபோது வேறு மாதிரியும் டிரைவர் நடந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

பதில்: மேசைவிளக்கு

நியாயமான கருத்து. அதற்காகத்தான் உபுண்டு சோதனையைச் சொன்னேன். அங்கே ஓடுவது முற்றிலும் வேறு டிரைவர்.

பதில்: திருகாணி

நான் மதுரையில் மடிக்கணினி பழுதுபார்ப்பவன். எல்லோரும் மின்சாரத்தைப் பற்றியே பேசுவதால், அதைவிட அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டு ஓடிய கணினி என்கிறீர்கள். பல மாடல்களில் டச்பேடுக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கிறது. லித்தியம் பேட்டரி வயதாகும்போது உள்ளே வாயு சேர்ந்து, தலையணைபோல் உப்பிவிடும்; அது கீழிருந்து தள்ளுவதால் கிளிக் இறுகிப்போகும் அல்லது தொடாமலேயே கிளிக் விழும். டச்பேடை மாற்ற வேண்டும் என்று என்னிடம் கொண்டுவந்த கணினிகளில், பின்மூடியின் திருகுகளைக் கழற்றிய மாத்திரத்தில் மூடி தானாகவே மேலெழுந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்கக் கணினியைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. மூடி வைத்த கணினியை ஒரு கண்ணாடி மேசையின்மேல் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டுப் பாருங்கள். முன்பு ஆடாதது இப்போது ஆடினால் சந்தேகப்படுங்கள். திரையைத் திறந்து, கண்ணை டச்பேடின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுற்றியுள்ள பரப்பைவிட அது ஓர் ஓரத்தில் மேடாகத் தெரிந்தால் அன்றே கணினியை அணைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ செய்யாதீர்கள். அது தீப்பற்றக்கூடியது. பேட்டரி நன்றாக இருக்கும் பட்சத்தில், மேசைவிளக்கு சொல்லும் வழியிலேயே போகலாம். டச்பேடிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிள் தளர்ந்திருப்பதையும் நான் அடிக்கடி பார்ப்பதுண்டு, ஆனால் அப்படி இருந்தால் கடையில் மட்டும் ஒழுங்காக இயங்கியிருக்க வாய்ப்பு குறைவு.

பதில்: குடந்தைமெய்ப்பு

மூவருக்கும் நன்றி. திருகாணி ஐயா சொன்னதைப் படித்ததும் முதலில் கண்ணாடி மேசையைத்தான் தேடினேன். கணினி ஆடவில்லை, டச்பேடும் சமமாகவே இருக்கிறது.

பிறகு சார்ஜரைப் பிடுங்கினேன். நாற்பது நிமிடம் வேலை செய்தேன். கர்சர் ஒரு முறைகூட நடுங்கவில்லை. செருகினேன், உடனே ஆடத் தொடங்கியது. யூஎஸ்பி துளையைத் தொட்டபோது நடுக்கம் அப்படியே நின்றது. விரலை எடுத்தால் மறுபடியும் ஆரம்பம். தம்பி மகனை அழைத்து நான்கைந்து முறை செய்து காட்டினேன். உபுண்டுவிலும் சார்ஜர் இருந்தால் அதே ஆட்டம்தான். கடையில் சார்ஜர் இல்லாமல்தான் பார்த்தார்கள் என்பதும் இப்போது நினைவுக்கு வருகிறது.

கணினியின் உலோக மூடியில் புறங்கையை உரசினால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு தெரிகிறது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. சார்ஜரின் கம்பி மூன்று முனை பிளக்தான். இது அபாயமா? மூன்று வாரங்களுக்கு முன்தான் மேசையை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினேன், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: மேசைவிளக்கு

தொடர்பு அந்த ஜன்னலோரப் பிளக் துளையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சார்ஜரின் உள்ளே, 230 வோல்ட் பக்கத்துக்கும் கணினிக்குச் செல்லும் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறிய மின்தேக்கி இருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே வைக்கப்படுவது அது. அதன் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் மூன்றாவது முனையின் வழியே எர்த்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது போக வழியின்றிக் கணினியின் உடலிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் உணரும் குறுகுறுப்பும் டெஸ்டரின் மங்கிய வெளிச்சமும் டச்பேடின் நடுக்கமும் அந்த ஒன்றின் மூன்று வெளிப்பாடுகள். நல்ல சார்ஜராக இருந்தால் அந்தக் குறுகுறுப்பு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எர்த் இல்லாத வீடு என்பது டச்பேடைத் தாண்டிய ஆபத்து.

பிளக்கில் மூன்று முனை இருப்பதாலேயே சுவரில் மூன்று கம்பி இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஸ்விட்ச் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடலாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் கர்சரின் நடுக்கம் நின்றுவிடும் என்பதுதான் அதிலுள்ள கவர்ச்சி. ஆனால் நியூட்ரல் கம்பி என்றாவது வழியில் அறுந்தால், எரியும் விளக்கு வழியாகவும் சுழலும் மின்விசிறி வழியாகவும் ஃபேஸ் திரும்பி வந்து, நீங்கள் கை வைத்திருக்கும் உலோக மூடியில் 230 வோல்ட்டாக நிற்கும்.

பதில்: குடந்தைமெய்ப்பு

எலெக்ட்ரீஷியன் நேற்று வந்தார். ஜன்னலோர ஸ்விட்ச் போர்டைத் திறந்தால், மேலே உள்ள பெரிய துளையின் பின்புறத் திருகு வாங்கிய நாளில் இருந்ததுபோல் பளபளவென்று இருக்கிறது. அதில் எந்தக் கம்பியும் இல்லை. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அந்த அறைக்கு அந்தக் காலத்திலேயே இரண்டு கம்பிதான் இழுத்திருக்கிறார்கள். மேசைவிளக்கு எச்சரித்தபடியே, “நியூட்ரல்லேருந்து ஒரு பிட்டு போட்டுடலாம்மா, அஞ்சு நிமிஷ வேலை” என்றார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். சற்று முகம் சுளித்தாலும், மெயின் போர்டிலிருந்து பச்சைக் கம்பியைப் புதிதாக இழுத்து வந்து இணைத்துக் கொடுத்தார்.

சார்ஜர் செருகிய நிலையிலேயே இப்போது கர்சர் நூல் பிடித்ததுபோல் போகிறது, குறுகுறுப்பும் இல்லை. ஆனால் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. தட்டச்சு செய்யும்போது எழுத்து வேறு வரிக்குத் தாவுவது குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. சார்ஜர் இல்லாதபோதும் நாளுக்கு ஓரிரு முறை நடக்கிறது. மாலையில் மின்வெட்டு வந்து இன்வெர்ட்டருக்கு மாறும்போது பழைய நடுக்கமும் லேசாகத் தலைகாட்டுகிறது.

பதில்: வைகைக்கரையான்

எழுத்து தாவுவது வேறு நோய் அம்மா. அதற்கு எர்த்தோ டிரைவரோ காரணமில்லை. தட்டச்சு செய்யும்போது கட்டைவிரலின் அடிச்சதை டச்பேடின் ஓரத்தில் பட்டு, அதை அது ஒரு தட்டலாக எடுத்துக்கொள்கிறது. உடனே எழுதுமிடம் கர்சர் நிற்கும் வரிக்கு மாறிவிடுகிறது. விண்டோஸ் அமைப்புகளில் டச்பேட் பக்கத்தைத் திறந்தால் உணர்திறனுக்கு நான்கு நிலைகள் இருக்கும். மிகக் குறைந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு விரலால் தட்டினால் கிளிக் என்னும் வசதியையே நிறுத்திவிட்டு, அழுத்திக் கிளிக் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

பதில்: திருகாணி

வீடுகளில் உள்ள பழைய இன்வெர்ட்டர்கள் பல, சதுர அலை மின்சாரத்தைத் தருபவை. மின்விசிறி ‘ம்ம்ம்’ என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அதே கரடுமுரடான அலைதான் சார்ஜருக்குள்ளும் போய் இரைச்சலைக் கூட்டுகிறது. இதற்காகப் புது இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதில்லை. கணினிக்குள் நல்ல பேட்டரி இருக்கும்போது அதற்கு இன்வெர்ட்டர் எதற்கு? மின்சாரம் போனதும் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், வந்த பிறகு செருகுங்கள்.

பதில்: குடந்தைமெய்ப்பு

தட்டல் வசதியை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. இதுவரை ஓர் எழுத்துகூடத் தடம் மாறவில்லை. நேற்று மாலை ஒன்றரை மணி நேரம் மின்சாரம் இல்லாதபோதும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அந்த மூன்று வாரங்களில் திருத்தி அனுப்பிய பக்கங்களைப் பதிப்பகத்திடமிருந்து திரும்பப் பெற்று முதலிலிருந்து படித்துவருகிறேன். இதுவரை இடம் மாறி விழுந்த எழுத்துகள் ஏழு அகப்பட்டிருக்கின்றன.