புதுப்பிப்பு: பாட்டி போட்ட உப்பு நார்த்தங்காய்

பாட்டியின் உப்பு நார்த்தங்காயைப் பற்றி முன்பு எழுதியதற்குச் செய்முறை கேட்டிருந்தீர்கள். அத்தையிடம் விசாரித்தேன்.

காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டாகாமல் சுருளாக நறுக்க வேண்டும். இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி விரியும். அந்த இடுக்கெல்லாம் கல் உப்பை அடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்கிவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு பகலெல்லாம் வெயில், சாயங்காலம் திரும்ப அதே உப்புத் தண்ணீர். தண்ணீரை முழுக்க இழுத்துக்கொண்டதும் நன்றாகக் காயவிட்டு எடுத்து வைக்கலாம்.

பூஞ்சை பிடித்தது என்றவர்களுக்கு: ஈரக்கையும் உப்புக் குறைச்சலும்தான் பெரும்பாலும் காரணம். தயவுசெய்து உப்பில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நாளாக ஆகக் கறுக்கும், பயப்படாதீர்கள். எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு அந்தக் கறுத்த துண்டுக்குத்தான் சண்டையே.