துப்பாக்கித் தாக்குதலுக்கான ஒத்திகையைக் கணினியில் நடத்துவது பயன் தருமா?

கேள்வி:
டெக்சாஸில் என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் லாக்டவுன் ஒத்திகை (துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் பூட்டிய வகுப்பில் ஒளிந்துகொள்ளும் பயிற்சி) நடக்கும் நாள்களில், விளக்கணைத்த வகுப்பறை மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொல்வாள்; அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. பிள்ளைகளை மிரட்டாமல் ஆசிரியர்களும் காவலர்களும் மட்டும் கணினியில் பயிற்சி பெறலாம் என்று பெற்றோர் குழுவில் ஒருவர் சொன்னார். அதனால் பயன் உண்டா?

பதில் 1:
அவர் குறிப்பிட்டது ‘எட்ஜ்’ என்ற கணினிப் பயிற்சி மென்பொருளாக இருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் ராணுவமும் சேர்ந்து, வீடியோ கேம்களுக்கான அன்ரியல் எஞ்சினைக் கொண்டு அதை உருவாக்கின. முதற்பதிப்பின் களம் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் ஓர் ஓட்டல். பள்ளிக்கானது பிறகு வந்தது. ஆசிரியர், காவலர், தாக்குபவர் எனப் பாத்திரங்களை மனிதர்களே இயக்குவதால், நெருக்கடியில் யார் யாரிடம் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பது பயிற்சியிலேயே அம்பலமாகிவிடும். இன்னொரு வகையில் யாரும் விளையாடுவதில்லை. கட்டட வரைபடத்தில் நூற்றுக்கணக்கான உருவங்களை உலவவிட்டு, போலீஸ் இரண்டு நிமிடம் முந்தினால் என்ன ஆகும் என்பது போல நிபந்தனைகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. உங்களுக்கு முதல் வகைதான் பொருந்தும்.

பதில் 2:
மறுக்கவில்லை. ஆனால் கணினியில் ஒரு விசையைத் தட்டினால் கதவு பூட்டிக்கொள்கிறது. உங்கள் டெக்சாஸிலேயே, யுவால்டி நகரின் ராப் தொடக்கப்பள்ளியில் 2022 மே 24 அன்று ஓர் ஊழியர் இழுத்துச் சாத்திய வெளிக்கதவு பூட்டிக்கொள்ளவில்லை; துப்பாக்கியோடு வந்தவன் அதன் வழியாகவே உள்ளே போனான். பிறகு, பூட்டப்படாமலே இருந்திருக்கக்கூடிய வகுப்பறைக் கதவுக்குச் சாவி தேடிக்கொண்டு காவலர்கள் நின்றார்கள். 77 நிமிடங்கள் கழிந்தன. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். சிறப்புப் படைக்குக் காத்திராமல் முதலில் வருபவரே உள்ளே நுழைய வேண்டும் என்பது 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு போலீசுக்குக் கற்பிக்கப்பட்டு வரும் பாடம். அன்று அங்கே நின்றவர்களில் அதைப் படித்தவர்களும் இருந்தனர். ஆகவே, மென்பொருளில் எந்தக் கதவு எப்படிப் பூட்டும் என்று எழுதப்போகிறீர்களோ, அதை முதலில் கையால் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்று மாலை பள்ளிப் பராமரிப்பாளருடன் சென்று எட்டு வகுப்பறைகளைப் பார்த்தேன். ஐந்து கதவுகளை, ஆசிரியர் தாழ்வாரத்துக்கு வந்து வெளிப்புறம் சாவி போட்டால்தான் பூட்ட முடிகிறது.