மழைக்காலத்தில் வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

கேள்வி: வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட நிலையில், வேளச்சேரியிலிருந்து சென்று பறவைகளைப் படமெடுக்க எந்த இடம் ஏற்றது? என்னிடம் 300 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ளது.

மறுமொழி 1: வேடந்தாங்கலுக்கு இப்போதே போக வேண்டாம், ஏரி நிரம்பி, நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் டிசம்பர், ஜனவரியே உகந்தது. அதுவரை, 2022இல் ராம்சார் எனும் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சாலையோரமே போதும், லாரிகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டால்.

மறுமொழி 2: ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்ததால், கண்ணெதிரே நின்ற செந்நாரையைத் தவறவிட்டவன் நான், கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கருமேகத்தின் முன் வெண்கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறையுங்கள், இல்லையேல் இறகின் வரிகள் வெளுத்துப்போகும்.

கேட்டவர்: நன்றி ஐயா. ஞாயிறு அதிகாலை பள்ளிக்கரணைக்கே செல்கிறேன்.