கொரோனா கேஸ் ஷீட்டில் அட்மிஷன் நாட்கள்: கணக்கு தலைகீழாக வருகிறது

வார்டு_நோட்டு:
எம்.டி. தீசிஸ். சென்னையில் ஒரே ஆஸ்பத்திரியின் 2020, 2021 கேஸ் ஷீட்டுகளை எக்செலில் ஏற்றியாகிவிட்டது. எந்த அறிகுறி, எந்த ரத்தப் பரிசோதனை ஆஸ்பத்திரி நாட்களைக் கூட்டுகிறது என்பதுதான் தலைப்பு. சராசரி போட்டால் லேசான நோய்க்காரர்கள் அதிக நாள், தீவிர நோய்க்காரர்கள் குறைந்த நாள் என்று வருகிறது. எங்கே இடிக்கிறது?

எண்கணக்கு:
இறந்தவர்களையும் வீட்டுக்குப் போனவர்களையும் சேர்த்தே கூட்டியிருப்பீர்கள். ஐசியூவில் மூன்றாம் நாள் இறந்தவருக்கும் எக்செலில் 3தான், மூன்றாம் நாள் தேறிப் போனவருக்கும் 3தான். 2020 மார்ச்சில் லான்செட்டில் வந்த வூஹான் ஆய்வைப் பாருங்கள், 191 பேர். பிழைத்தவர்களின் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 12 நாள், இறந்தவர்களுடையது 7.5 நாள். தனித்தனியாகக் கொடுத்ததால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சராசரியை விட்டுவிடுங்கள். வென்டிலேட்டரில் நாற்பது நாள் கிடந்த ஒருவரே அதை இழுத்துவிடுவார். மீடியனும் கால்மான வீச்சும் (நடுப் பாதிப் பேரின் நாட்கள் எதிலிருந்து எதுவரை) போதும். 'உயிரோடு டிஸ்சார்ஜ்' என்பதை முடிவாக வைத்து, மரணத்தைப் போட்டி நிகழ்வாக (அது நடந்துவிட்டால் டிஸ்சார்ஜ் நடக்கவே முடியாது) கொண்டு அனலிசிஸ் செய்யுங்கள். மரணத்தைச் சென்சார் செய்யக் கூடாது, அதாவது 'அதன் பிறகு என்ன ஆனது தெரியாது' என்று போடக் கூடாது. போட்டால், இறந்தவர் பின்னால் எப்போதோ டிஸ்சார்ஜ் ஆவார் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். சொந்த விருப்பத்தில் போனவர்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியவர்கள் மட்டும் சென்சார். நாள் என்பது டிஸ்சார்ஜ் தேதி கழித்தல் அட்மிஷன் தேதி. சிலருக்கு ஒன்று கூட்டி, சிலருக்குக் கூட்டாமல் விடாதீர்கள்.

பழைய_ரிஜிஸ்ட்ரார்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். லேசானவர்கள் நீண்ட நாள் இருந்ததற்குக் காரணம் நோயே அல்ல, டிஸ்சார்ஜ் விதி. 2020 மே 8 வரை 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் வேண்டும். காய்ச்சல், இருமல் எல்லாம் போன பிறகும் ஸ்வாப் மட்டும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், ஆளைக் கட்டிலை விட்டு அனுப்ப முடியாது. அன்றைக்கு விதி மாறியது: லேசானவருக்கு அறிகுறி தொடங்கி 10 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லை என்றால் டெஸ்ட் இல்லாமலே வீட்டுக்கு. தீவிரமானவருக்கு மட்டும் தேறிய பின் ஒரு நெகட்டிவ். எனவே மே 8க்கு முன், பின் என்று பிரிக்காமல் போடும் எந்த ரெக்ரெஷனும் (எந்தக் காரணி நாட்களை எவ்வளவு மாற்றுகிறது என்ற கணக்கு) விதியைத்தான் அளக்கும்.

இன்னொன்று, டாக்டர். நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் அப்போது இருந்தது மாதிரியான கொரோனா பராமரிப்பு மையத்தில் சில நாள் இருந்துவிட்டு மூச்சு வாங்கியதும் வந்தவர்களுக்கு, உங்கள் ஷீட்டில் அட்மிஷன் தேதி புதிதாக இருக்கும். அதனால் 'அறிகுறி தொடங்கிய நாள்' என்று எக்செலில் தனி நெடுவரிசை போடுங்கள். ஆக்சிஜன் இறங்குவது பெரும்பாலும் ஏழாவது நாளை ஒட்டி. நான்காம் நாள் வந்தவரையும் ஒன்பதாம் நாள் வந்தவரையும் ஒப்பிட்டால் வீண்.

லேப்_ரிப்போர்ட்:
பரிசோதனை நெடுவரிசைகளில் இன்னும் மோசமான குழி இருக்கிறது.

எஸ்பிஓ2 (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) எடுத்தது ரூம் ஏரிலா (சாதாரணக் காற்றிலா), ஆக்சிஜனிலா என்று நர்சிங் சார்ட்டைப் பாருங்கள். மாஸ்க்கில் 6 லிட்டர் ஓடும்போது காட்டிய 96ஐ 'லேசானவர்' என்று போட்டுவிடக் கூடாது. ஷீட் ஷீட்டாக மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பித் தீவிரம் பிரிக்காதீர்கள்.

லிம்போசைட்டை (ஒரு வகை வெள்ளணு) சதவீதமாக விடாமல் எண்ணிக்கையாக மாற்றுங்கள். மொத்த வெள்ளணு 8,000, லிம்போ 12% என்றால் 960. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தம் மட்டுமே. ஸ்டீராய்டு போட்ட மறுநாளே நியூட்ரோபில் (இன்னொரு வகை வெள்ளணு) ஏறிவிடும், நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் பொய் சொல்லும். மருந்தையும் 'நாட்களைக் கூட்டும் காரணி' என்று எழுதிவிடாதீர்கள்; ஆக்சிஜன் தேவைப்பட்டவருக்குத்தான் அதைக் கொடுத்தார்கள்.

சிடி ஸ்கோர் (நுரையீரல் ஸ்கேனில் பாதிப்புக்குத் தரும் மதிப்பெண்) 25க்கா, 40க்கா என்பதும் கவனம்.

வார்டு_நோட்டு:
நன்றி. டி-டைமரில் (ரத்தக் கட்டி கரைவதைக் காட்டும் பரிசோதனை) ஒரு சந்தேகம். சில ரிப்போர்ட்டில் 600, சிலதில் 1.2. இரண்டாவது லேப் ஐநூறு மடங்கு குறைத்துக் காட்டுகிறதா?

லேப்_ரிப்போர்ட்:
இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் டிடியு என்றா, எஃப்இயு என்றா பாருங்கள்; இரண்டும் டி-டைமரின் அலகுகள், எஃப்இயு எண் ஏறக்குறைய இரு மடங்கு வரும். 600 நானோகிராம் டிடியுவை இரண்டால் பெருக்கினால் 1,200 எஃப்இயு, அதாவது 1.2 மைக்ரோகிராம். அலகே அச்சிடாத ரிப்போர்ட் இருந்தால் அதே லேபின் நார்மல் எல்லையைப் பாருங்கள்: நானோகிராமில் 500 என்றால் எஃப்இயு, 250ஐ ஒட்டி இருந்தால் டிடியு. எல்லையும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.