புதுப்பிப்பு: ஈர டிராக்கில் ஓட்டிவிட்டேன்

மழை பெய்தால் பைக் ரேஸ் ஓட்டலாமா, விலகிவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஓட்டினேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சனிக்கிழமைப் பயிற்சியில், காய்ந்த டிராக்கில் பழகிய அதே பாதையில் ஓட்டினேன். 3-வது வளைவில் முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கி, மறுபடி பிடித்தது. நெஞ்சு அடைத்துவிட்டது. எல்லோரும் ஓட்டும் வழக்கமான பாதையில் படிந்த டயர் ரப்பர் நனைந்தால் வழவழப்பாகிவிடும் என்று உங்களில் ஒருவர் எழுதியது அப்போதுதான் உறைத்தது. ஒரு பைக் அகலம் தள்ளி ஓட்டினேன், பிடிப்பு வந்தது! ஈரத்தில் வழுக்கும் என்பதால், டிராக்கில் வரைந்த வெள்ளைக் கோடுகள் பக்கமே போகவில்லை. சஸ்பென்ஷனையும் கொஞ்சம் இளக்கினோம்.

ஞாயிறு ரேஸுக்கு மழை டயர் (ஈரத்தில் பிடிக்கும் மென்மையான ரப்பர் டயர்) போட்டோம். கடைசி இரண்டு சுற்றில் வெயில் வந்து டிராக் காயத் தொடங்கியது. அந்த மென்மையான ரப்பர் சூடேறி, பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. நேர்ப்பாதையில் தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து ஓட்டி டயரைக் குளிர வைத்தேன் (இதுவும் நீங்கள் சொன்னதுதான்). அதற்குள் இருவர் முந்திவிட்டார்கள். 11-வது இடம். விழவில்லை, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிவது மட்டும் இன்னும் தீரவில்லை. என்ன செய்கிறீர்கள்?